கடலுக்கு முதல் எச்சரிக்கை விட்டவர்: யார் இந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய்?

சனிக்கிழமை காலை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கயாக் ஓட்டப் போகலாம்னு நண்பர்களோடு பேசி வைத்தாச்சு. எழுந்து கைத்தொலைபேசியைப் பார்த்தால் ஓர் எச்சரிக்கை. சுமத்ரா சூறைக்காற்று வரலாம், பலத்த காற்றுடன் மழை பெய்யலாம் என்று. சரி, வேண்டாம் என்று திட்டத்தைக் கைவிடுகிறீர்கள். பத்து மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால் பளீரென்று வெயில். ஒரு சொட்டு மழை இல்லை.

அடுத்து என்ன நடக்கும்? குழு உரையாடலில் வானிலை ஆய்வகத்துக்குத் திட்டு விழும். வானிலைச் செய்தி வெளியிட்ட எங்களுக்கும் சேர்த்துத்தான். மழை எங்கே, காற்று எங்கே என்று கேட்பவர்களுக்குச் செய்திப் பிரிவில் பஞ்சமே இல்லை.

ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை ஒரு நாடே ஒரே ஒரு மனிதரிடம் கேட்டது. அவர்தான் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். கடலோடிகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் சேவையைப் பிரிட்டனில் தொடங்கியவர். பொதுமக்களுக்காக நாளிதழில் தினசரி வானிலை முன்னுரைப்பு வெளியிட்டவர். அதற்காகப் பாராட்டும் பெற்றார், கேலிக்கும் ஆளானார்.

சுருக்கமாக:

- பிறப்பு: 1805, இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரம்
- பலருக்கும் தெரிந்த அடையாளம்: சார்ல்ஸ் டார்வினை உலகம் சுற்ற அழைத்துச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர்
- பலருக்கும் தெரியாத அடையாளம்: இன்றைய பிரிட்டிஷ் வானிலை ஆய்வகத்துக்கு 1854இல் அடித்தளம் போட்டவர்
- மறைவு: 1865, வயது 59

பெரிய இடத்துப் பிள்ளை

ஃபிட்ஸ்ராய் பிறந்தது பிரபுக்கள் குடும்பத்தில். தாத்தா பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். தாய்மாமன் வெளியுறவு அமைச்சர். பணம், செல்வாக்கு எல்லாம் இருந்தது. ஆனால் அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். 12 வயதில் பையன் போர்ட்ஸ்மத் நகரின் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தான்.

படிப்பில் கெட்டி. 1824இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுத் தேறினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அவருக்கு 17 வயது இருக்கும்போது, அந்தத் தாய்மாமன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தச் சம்பவம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தமக்கும் அப்படி ஒரு முடிவு வந்துவிடுமோ என்ற அச்சம் பல ஆண்டுகள் அவருடன் இருந்தது.

1828இல் தென்னமெரிக்காவின் தென்கோடியில் கடற்கரைகளை அளந்துகொண்டிருந்தது பீகிள் கப்பல். குளிர், தனிமை, ஓயாத புயல். கப்பல் தலைவர் பிரிங்கிள் ஸ்டோக்ஸ் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர்தான் ஃபிட்ஸ்ராய். அப்போது அவருக்கு வயது 23. நம்மில் பலர் பட்டப்படிப்பை முடித்து முதல் வேலை தேடும் வயசு.

பாரோமீட்டர் சொன்னதைக் கேட்கவில்லை

பொறுப்பேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 1829 ஜனவரி 30. இன்றைய உருகுவேயின் மால்டோனாடோ கரையை நெருங்கிக்கொண்டிருந்தது பீகிள். அந்தப் பக்கம் பாம்பேரோ என்ற ஒரு காற்று உண்டு. உள்நாட்டுப் புல்வெளிகளைத் தாண்டித் திடீரென்று கடலுக்குள் பாயும் சூறைக்காற்று அது. நம்மூர் சுமத்ரா சூறைக்காற்று மாதிரியே, வரும்போது கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும்.

அன்று கப்பலில் இருந்த பாரோமீட்டர், அதாவது காற்றழுத்தமானி, இறங்கிக்கொண்டே வந்தது.

பாரோமீட்டர் இறங்கினால் என்ன அர்த்தம்? நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் பாதரசத்தை அந்த எடை மேலே தள்ளி நிறுத்தும். அழுத்தம் குறைந்தால் பாதரசம் இறங்கும். சுற்றிலும் அழுத்தம் கூடுதலாக இருக்கும் இடங்களிலிருந்து குறைந்த இடத்தை நோக்கிக் காற்று பாயும். அழுத்தம் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அந்த அளவு கடுமையான காற்றை எதிர்பார்க்கலாம். வானம் தெளிவாக இருக்கும்போதே கருவிக்கு விஷயம் தெரிந்துவிடும்.

ஃபிட்ஸ்ராய்க்கும் தெரிந்திருந்தது. ஆனால் சீக்கிரம் கரை சேரணும் என்ற அவசரம். பாய்களை நேரத்தோடு சுருக்கவில்லை. பாம்பேரோ அடித்தபோது கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து, கவிழும் நிலைக்குப் போனது. பாய்மரங்களின் மேற்பகுதிகள் முறிந்தன. மேலே ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாலுமிகளைக் கடல் கொண்டுபோனது.

கப்பல் தப்பியது. ஆனால் அந்த இரண்டு உயிர்களுக்குத் தாமே பொறுப்பு என்று அவர் கருதினார். எச்சரிக்கை கண் முன்னே இருந்தது, தாம்தான் அதன்படி நடக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சி அவரைவிட்டுப் போகவே இல்லை. பிற்காலத்தில் அவர் செய்த வேலைகளுக்கு விதை அன்றைக்கு விழுந்தது என்று சொல்லலாம்.

டார்வினோடு ஐந்து ஆண்டுகள்

1831 டிசம்பர் 27. பீகிள் மறுபடியும் இங்கிலாந்தின் பிளைமத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. நீண்ட பயணத்தில் தனிமை தம்மையும் வீழ்த்திவிடக் கூடாது என்று, பேச்சுத் துணைக்குப் படித்த இளைஞர் ஒருவரைத் தேடினார் ஃபிட்ஸ்ராய். கிடைத்தவர் 22 வயது சார்ல்ஸ் டார்வின். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய ஆய்வுக்கு அந்தப் பயணமே அடிப்படை ஆனது. அது பாடப்புத்தகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

நமக்கு வேண்டியது அதே கப்பலில் நடந்த இன்னொரு வேலை. காற்றின் வேகத்தை எப்படிக் குறிப்பது? ஒருவருக்குப் பலத்த காற்று, இன்னொருவருக்கு லேசான காற்றாகத் தெரியும். இதற்கு முடிவு கட்ட, பிரிட்டிஷ் கடற்படையின் கடல் வரைபடத் துறைத் தலைவர் ஃபிரான்சிஸ் போஃபர்ட் ஓர் அளவுகோல் உருவாக்கியிருந்தார். காற்றே இல்லை என்றால் 0. கடும் சூறாவளி என்றால் 12. அந்த அளவுகோல் முதன்முதலில் அதிகாரபூர்வமாகப் பயன்பட்டது பீகிளின் இந்தப் பயணத்தில்தான். இன்றைக்கும் கடல் வானிலை அறிக்கைகளில் போஃபர்ட் அளவைப் பார்க்கலாம்.

1833 ஜனவரியில் கேப் ஹோர்ன் முனை அருகே ராட்சத அலை ஒன்று பீகிள் மீது மோதியது. ஒரு படகு போனது. ஆனால் கப்பல் நிமிர்ந்து நின்றது.

1836 ஏப்ரலில் பீகிள் நம் பக்கமும் வந்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோக்கோஸ் தீவுகளில் சில நாள் தங்கி, அங்குள்ள பவளப் பாறைகளையும் கடல் ஆழத்தையும் ஆராய்ந்தார்கள். மலாய்க்காரர்கள் வாழ்ந்த அந்தத் தீவுகள் பிற்காலத்தில் சிங்கப்பூரின் நிர்வாகத்தில் இருந்தன. 1955இல்தான் ஆஸ்திரேலியாவிடம் போயின.

அதே ஆண்டு அக்டோபரில் பீகிள் இங்கிலாந்து திரும்பியது. ஃபிட்ஸ்ராய் வரைந்த கடற்கரை வரைபடங்களைப் பல்லாண்டு காலம் கப்பல்கள் பயன்படுத்தின. ஆனால் வேலை சரியாக நடக்கணும் என்பதற்காகச் சொந்தப் பணத்தில் இன்னொரு கப்பலை வாங்கியிருந்தார். அரசாங்கம் அந்தச் செலவை ஏற்க மறுத்தது. நடுவழியில் மனம் உடைந்து பதவி விலகும் அளவுக்குப் போய், பிறகு மனம் மாறினார். சொந்தக் காசைப் பொதுவேலையில் போடும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

1843இல் நியூசிலாந்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். மாவோரி மக்களுக்கும் வெள்ளையர் குடியேறிகளுக்கும் நிலத் தகராறு உச்சத்தில் இருந்த நேரம். வைராவ் என்ற இடத்தில் நடந்த மோதலில் தவறு குடியேறிகள் பக்கம்தான் என்று அவர் முடிவு சொன்னார். குடியேறிகள் கொதித்துப் போனார்கள். 1845இல் பதவி பறிபோனது.

சிரித்த நாடாளுமன்றம்

1854இல் ஃபிட்ஸ்ராய்க்கு ஒரு சின்ன அலுவலகம் கிடைத்தது. பிரிட்டனின் வர்த்தக வாரியத்தின் கீழ் ஒரு வானிலைப் பிரிவு. உதவிக்கு மூன்றே பேர். வேலை என்னவென்றால், கப்பல்களுக்கு வானிலைக் கருவிகள் கொடுத்து, அவை கொண்டுவரும் குறிப்புகளைத் தொகுத்து, எந்தப் பாதையில் போனால் பயணம் சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போடுவது. நாளைக்கு மழை வருமா என்று சொல்வதெல்லாம் அந்த வேலையில் கிடையாது.

அப்படிச் சொல்ல முடியும் என்று யாரும் நம்பவும் இல்லை. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், லண்டனின் வானிலையை 24 மணி நேரத்துக்கு முன்பே அறியும் காலம் வரலாம் என்று பேசினார். அவையே சிரித்துவிட்டது.

ஃபிட்ஸ்ராய் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் பிரிட்டன் கரையோரம் கப்பல் மூழ்குவது அன்றாடச் செய்தி. 1855க்கும் 1860க்கும் இடையில் மட்டும் 7,000க்கும் அதிகமான கப்பல்கள் சேதமடைந்தன. 7,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களில் பலர் சிறு மீன்பிடிக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். பாரோமீட்டர் வாங்க அவர்களிடம் காசு ஏது?

அதனால் முதலில் அந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தார். உறுதியான, எளிதில் படிக்கக்கூடிய பாரோமீட்டர்களை ஏழை மீனவக் கிராமங்களுக்கு இரவலாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கடலுக்குப் போவதற்கு முன் எல்லாரும் பார்க்கும்படி துறைமுகச் சுவரில் அவை பொருத்தப்பட்டன. பாதரசம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்பதை விளக்கும் எளிய குறிப்புகளையும் எழுதிக் கொடுத்தார். 1829இல் தாம் பார்த்தும் பொருட்படுத்தாத அதே கருவி.

கரைக்கு அருகில் மூழ்கிய ராயல் சார்ட்டர்

1859 அக்டோபர் 25. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து கிளம்பிய ராயல் சார்ட்டர் கப்பல், சுமார் இரண்டு மாதப் பயணம் முடிந்து லிவர்பூல் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புபவர்கள் நிறையப் பேர். இன்னும் சில மணி நேரம்தான், வீடு வந்துவிடும்.

அன்று இரவு கடும் புயல். வேல்ஸின் ஆங்கில்சீ தீவருகே நங்கூரம் போட்டார்கள். சங்கிலிகள் அறுந்தன. விடியற்காலையில் மொயெல்ஃப்ரே என்ற சிற்றூருக்கு அருகே, கரைக்கு மிக அருகில், கப்பல் பாறையில் மோதி உடைந்தது. 400க்கும் அதிகமானோர் மாண்டார்கள். தப்பியவர்கள் சுமார் 40 பேர். அதில் ஒரு பெண்கூட இல்லை, ஒரு குழந்தைகூட இல்லை. அதே புயலில் பிரிட்டன் கரையோரத்தில் மொத்தம் 133 கப்பல்கள் மூழ்கின. ஏறக்குறைய 800 உயிர்கள் பறிபோயின.

நாடு அதிர்ந்து நின்றது. ஃபிட்ஸ்ராய் வேலையில் இறங்கினார். அந்தப் புயல் எந்த மணிக்கு எங்கே இருந்தது, காற்று எந்தத் திசையில் அடித்தது, பாரோமீட்டர் எவ்வளவு இறங்கியது என்று கலங்கரை விளக்கங்கள், கப்பல்கள், துறைமுகங்கள் எல்லாவற்றிலிருந்தும் குறிப்புகளைச் சேகரித்து வரைபடத்தில் குறித்தார். படம் தெளிவானது. புயல் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் அடிக்கவில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து போயிருக்கிறது.

இங்கேதான் அவருடைய முக்கியமான யோசனை வருகிறது. புயல் நகர்கிறது. ஆனால் தந்தி அதைவிட வேகமாகப் போகும். அப்படியென்றால், புயலில் முதலில் மாட்டிக்கொண்ட ஊர், இன்னும் மாட்டாத ஊருக்குத் தகவல் சொல்லிவிடலாமே?

இன்று கேட்கும்போது ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது புதுசு.

கம்பத்தில் ஏறிய கூம்பு

15 கரையோர நிலையங்களிலிருந்து தந்தி வழியாகத் தினமும் லண்டனுக்கு வானிலைத் தகவல் வர ஆரம்பித்தது. அழுத்தம், வெப்பம், காற்றின் திசை, வேகம், வானத்தின் நிலை. ஃபிட்ஸ்ராயின் குழு அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும். ஆபத்து தெரிந்தால், பாதிக்கப்படக்கூடிய துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும்.

துறைமுகத்துக்குத் தகவல் வந்தாச்சு. ஆனால் கடலில் படகில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வது? வானொலி கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பலர். அதனால் ஃபிட்ஸ்ராய் தூரத்திலிருந்தே தெரியும் உருவங்களைப் பயன்படுத்தினார். உயரமான கம்பத்தில் கித்தான் துணியால் செய்த பெரிய கூம்பையும் உருளையையும் ஏற்றுவார்கள்.

- கூம்பின் முனை மேலே பார்த்தால்: வடக்கிலிருந்து பலத்த காற்று வரலாம்
- முனை கீழே பார்த்தால்: தெற்கிலிருந்து வரலாம்
- உருளை மட்டும்: பல திசைகளிலிருந்து அடுத்தடுத்துக் காற்று அடிக்கலாம்
- கூம்பும் உருளையும் சேர்ந்து: ஆபத்தான புயல்

இரவில் அதே வடிவங்கள் தெரியும்படி விளக்குகளைத் தொங்கவிட்டார்கள்.

முதல் புயல் எச்சரிக்கை 1861 பிப்ரவரி 6ஆம் தேதி போனது. ஆனால் இது புதுப் பழக்கம் ஆச்சே. கம்பத்தில் ஏறும் ஓர் உருவத்தை நம்பிக் காத்திருக்க எல்லாரும் உடனே தயாராகிவிடுவார்களா என்ன? அடுத்த சில நாள்களில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையைப் புயல் உலுக்கியது. பிப்ரவரி 9ஆம் தேதி விட்பி ஊரின் மீட்புப் படகு, தத்தளித்த கப்பல்களிலிருந்து ஆட்களைக் காப்பாற்ற மீண்டும் மீண்டும் கடலுக்குள் போனது. கடைசியில் படகு கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் மாண்டனர். தப்பிய ஒரே ஒருவர் ஹென்றி ஃபிரீமன். அன்று புதுவகைத் தக்கை மிதவை அங்கியை அணிந்திருந்தவர் அவர்.

முன்னுரைப்பு என்பது ஆரூடம் அல்ல

கடலோடிகளுக்கு எச்சரிக்கை அனுப்ப எல்லாத் தகவலும் கையில் இருக்கிறது. அதையே வைத்துப் பொதுமக்களுக்கும் சொன்னால் என்ன? 1861 ஆகஸ்ட் 1ஆம் தேதி லண்டனின் டைம்ஸ் நாளிதழில் ஃபிட்ஸ்ராயின் முன்னுரைப்பு வெளிவந்தது. அடுத்த இரண்டு நாளுக்கு வடக்கு, மேற்கு, தெற்குப் பகுதிகளில் காற்று எந்தப் பக்கம், வானம் எப்படி என்று சில வரிகள். அவ்வளவுதான். நீங்கள் இன்று செயலியில் பார்க்கும் மேகப் படத்துக்கும் இடிமின்னல் படத்துக்கும் மூதாதை அந்தச் சில வரிகள்.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் அவர் கவனமாக இருந்தார். தீர்க்கதரிசனம், ஆரூடம் போன்ற சொற்களை ஒதுக்கினார். அன்றைக்குப் பஞ்சாங்கம் மாதிரி புத்தகங்கள் போட்டு, ஆண்டு முழுவதற்கும் வானிலை சொல்லிச் சம்பாதித்தவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களோடு தம்மைச் சேர்க்கக் கூடாது என்று நினைத்தார். இருக்கும் தகவலை வைத்துக் கணித்துச் சொல்லும் கருத்துதான் இது என்பதற்காக ஃபோர்காஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை வானிலைக்குப் பயன்படுத்தினார். அந்தப் பொருளில் அது நிலைத்துவிட்டது. நாம் தமிழில் முன்னுரைப்பு என்கிறோம்.

மக்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. குதிரைப் பந்தயத்துக்குப் போகலாமா, சுற்றுலாவுக்குக் குடை வேண்டுமா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். தாம் கடலைக் கடக்கும் நாளில் வானிலை எப்படி இருக்கும் என்று கேட்டு விக்டோரியா மகாராணியே அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பியதாகச் சொல்வார்கள்.

தப்பினால் கேலி, சொல்லாவிட்டால் சாவு

பிரபலம் ஆனால் பிரச்சினையும் கூடவே வருமே. ஒருநாள் சரியாகச் சொன்னால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒருநாள் தப்பினால் ஊரே பேசும். வெயில் என்று சொன்ன நாளில் மழை பெய்தால் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். முன்னுரைப்பை வெளியிட்ட டைம்ஸ் நாளிதழே அதைக் கிண்டல் செய்தது.

இரண்டாவது எதிர்ப்பு துறைமுகங்களிலிருந்து வந்தது. கூம்பு ஏறிவிட்டால் மீனவர்கள் கடலுக்குப் போகத் தயங்கினார்கள். படகு சும்மா நின்றால் படகு முதலாளிக்கு நட்டம். புயலும் வராமல் போனால்? அந்த நட்டத்துக்கு யார் பதில் சொல்வது? கூம்பு எச்சரிக்கை மட்டும்தான், கவனமாக இருங்கள் என்றுதான் அர்த்தம் என்று ஃபிட்ஸ்ராய் விளக்கிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது எதிர்ப்பு அறிவியலாளர்களிடமிருந்து வந்தது. காற்று ஏன் இப்படி நகர்கிறது என்பதற்கு உறுதியான கணக்கு இல்லாமல், அனுபவத்தை வைத்து முன்னுரைப்பது அறிவியலா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அன்று செயற்கைக்கோள் இல்லை, கணினி இல்லை, அட்லாண்டிக் கடலுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியே இல்லை. பிரிட்டனுக்குப் பெரும்பாலான புயல்கள் வருவதோ அந்தப் பக்கமிருந்து!

ஃபிட்ஸ்ராய்க்கு முன்னால் இருந்த கேள்வி வேறு. கணக்கு முழுசாகும் வரை காத்திருந்தால், அதுவரை கடலில் போகும் உயிர்களுக்கு என்ன பதில்? எச்சரித்துவிட்டுப் புயல் வராவிட்டால் அவருக்குக் கேலி. எச்சரிக்காமல் புயல் வந்தால் யாரோ ஒருவரின் வீட்டில் சாவு. அவர் கேலியைத் தேர்ந்தெடுத்தார்.

அதற்கு விலை அதிகம். வேலைப் பளு, மோசமான உடல்நிலை, குறைந்துகொண்டே வந்த செவித்திறன். பொதுவேலைக்காகச் செலவழித்துச் செலவழித்துக் கையிருப்பும் கரைந்துபோனது. பழைய நண்பர் டார்வினின் கொள்கையும், ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்ட அவரை வருத்தியது. இள வயதிலிருந்தே அவ்வப்போது வாட்டிய மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. 1865 ஏப்ரல் 30ஆம் தேதி, 59 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எந்தப் பயம் அவரை 17 வயதிலிருந்து துரத்தியதோ, அதற்கு அன்றைக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை.

குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். நண்பர்கள் நிதி திரட்டினார்கள். கருத்தால் விலகிப்போன டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

கேட்டு வாங்கிய மீனவர்கள்

கதை அதோடு முடியவில்லை. ஃபிட்ஸ்ராயின் வேலையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. முன்னுரைப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று 1866இல் அறிக்கை வந்தது. அந்த ஆண்டு தினசரி முன்னுரைப்பும் நின்றது, புயல் எச்சரிக்கையும் நின்றது. கம்பங்கள் வெறுமையாக நின்றன.

யார் குரல் கொடுத்தார்கள் தெரியுமா? கடலோடிகள்தான். எச்சரிக்கை சில நேரம் தப்பும் என்று அவர்களைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனாலும் அது இல்லாமல் கடலுக்குப் போவது எப்படி இருக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். துறைமுகங்களிலிருந்து கோரிக்கைகள் குவிந்தன. 1867இலேயே புயல் எச்சரிக்கை திரும்ப வந்தது. பொதுமக்களுக்கான முன்னுரைப்பு 1879இல் திரும்பியது.

ஆனால் எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதுமா? 1881 அக்டோபர் 14. ஸ்காட்லாந்தின் ஐமத் மீன்பிடித் துறைமுகம். துறைமுகத்து பாரோமீட்டர் மிகவும் தாழ்ந்திருந்தது. ஆனால் காலையில் கடல் அமைதி, வானம் தெளிவு. முந்தைய நாள்களில் மோசமான வானிலையால் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் அடுப்பு எரியாத நிலை. படகுகள் கிளம்பின. நண்பகல் வாக்கில் புயல் பாய்ந்தது. ஐமத்தையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்ந்த 189 மீனவர்கள் திரும்பவே இல்லை. சிலர் கரையில் நின்ற குடும்பத்தாரின் கண் முன்னாலேயே மூழ்கினார்கள்.

எச்சரிக்கையைப் பார்த்தும் போகிறவர்கள் எல்லாரும் அலட்சியக்காரர்கள் அல்ல. பசியும் ஒரு காரணம். ஃபிட்ஸ்ராய்க்கு அது தெரிந்திருந்தது. தேவையில்லாத எச்சரிக்கையால் ஒருவருடைய ஒருநாள் கூலி போகிறது என்பதும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒவ்வொரு கூம்பும் அவருக்குப் பாரமாக இருந்தது.

இன்றைக்கு எங்கே இருக்கிறார் ஃபிட்ஸ்ராய்?

தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வாசகம் பழக்கம். புயல் வரும்போதெல்லாம், துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பார்கள். அந்தக் கூண்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா? கூம்புகளும் உருளைகளும்தான். இரவில் விளக்குகள். ஃபிட்ஸ்ராய் பயன்படுத்திய அதே யோசனை. இந்தியாவில் 1864 அக்டோபரில் கொல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிய பிறகு, 1865இல் அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது.

பிரிட்டனில் அவருடைய சின்ன அலுவலகம் இன்று உலகின் முன்னணி வானிலை ஆய்வகங்களில் ஒன்று. கடலோடிகளுக்கான வானொலி அறிக்கையில் ஒரு கடற்பகுதிக்கு 2002இல் ஃபிட்ஸ்ராய் என்று பெயர் சூட்டினார்கள். அந்த அறிக்கையில் மனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கிய கடற்பகுதி அதுதான்.

நம் கடலில்? சுமத்ரா சூறைக்காற்று பொதுவாக ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும். சுமத்ரா தீவிலோ மலாக்கா நீரிணையிலோ இடிமழை மேகங்கள் வரிசை கட்டி உருவாகி, கிழக்கு நோக்கி நகரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம்மை அடையும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசலாம். கயாக்கையும் சிறு படகையும் கவிழ்க்க அது போதும். மேகங்கள் இன்னும் நீரிணையில் இருக்கும்போதே ரேடார் அவற்றைப் பார்த்துவிடுகிறது. மழையில் மாட்டிய இடம் மாட்டாத இடத்துக்குத் தகவல் சொல்லும் அதே வேலைதான். தந்திக்குப் பதில் ரேடார், கூம்புக்குப் பதில் உங்கள் கைத்தொலைபேசி.

சில நேரம் அந்த மேக வரிசை கடலைக் கடக்கும்போதே வலுவிழந்துவிடும். அப்போது எச்சரிக்கை வந்திருக்கும், மழை வந்திருக்காது. பொய் சொன்னார்கள் என்று அர்த்தம் இல்லை. அன்றைக்கு நமக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

ஆக, அடுத்த முறை கடலுக்குக் கிளம்பும்முன் மூன்று விஷயம்:

- முன்னுரைப்பையும் ரேடார் படத்தையும் பாருங்கள். மேற்கு வானம் கறுத்தாலோ திடீரென்று குளிர்காற்று வீசினாலோ உடனே கரைக்குத் திரும்புங்கள்.
- இடிச் சத்தம் கேட்டால் தண்ணீரில் இருக்காதீர்கள். மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.
- மிதவை அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, அணிந்திருக்க வேண்டும். விட்பியில் ஒருவரைக் காப்பாற்றியது அதுதான்.

எச்சரிக்கை வந்து, பத்து மணிக்கு வெயில் அடித்தால்? கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும். பரவாயில்லை, மத்தியானம் போய்க்கொள்ளலாம். கயாக் எங்கேயும் போய்விடாது.

(மனவுளைச்சலில் இருப்பவர்கள் நம்பகமான ஒருவரிடம் மனம் திறந்து பேசலாம். சிங்கப்பூரில் எஸ்ஓஎஸ் அமைப்பின் 24 மணி நேரத் தொலைபேசி எண்: 1767)